மாந்தோப்பில் ராக்கெட் துண்டு விழுந்தால் யார் பொறுப்பு? இணையம் சொல்லும் பதிலைச் சரிபார்ப்பது யார்?

2016 பிப்ரவரி 6. நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் திடீரென்று வெடிச்சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் பள்ளம் விழுந்தது. கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததுதான் காரணம் என்று அறிவித்த தமிழக அரசு, அவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டிக்காரர்களுக்கு நாட்றம்பள்ளி ஒன்றும் தூரத்து ஊர் இல்லை. பர்கூரைத் தாண்டினால் வந்துவிடும். வானத்திலிருந்து விழுந்தது என்ன என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இழப்பை யார் ஈடுகட்டுவது?

விழுந்தது விண்கல் என்றால் யார் மீதும் வழக்குப் போட முடியாது. ராக்கெட் அல்லது செயற்கைக்கோளின் துண்டு என்றால் கதையே வேறு. 1972-ம் ஆண்டின் விண்வெளிப் பொறுப்பு ஒப்பந்தப்படி, தரையில் ஏற்படும் சேதத்துக்கு ஏவிய நாடே முழுப் பொறுப்பு. அந்த நாடு தவறு செய்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 1978-ல் அணு உலையோடு கூடிய சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவில் விழுந்தது. கனடா கேட்டது சுமார் 60 லட்சம் டாலர். 1981-ல் 30 லட்சம் கனடிய டாலருக்குப் பேசி முடித்தார்கள்.

நமக்கெல்லாம் எங்கே என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பெரிய உலோக வளையம் வந்து விழுந்தது. அது சீன ராக்கெட்டின் பாகமாக இருக்கும் என்றார்கள் நிபுணர்கள்.

நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்பில் அப்படி ஒன்று விழுந்து பம்புசெட் கொட்டகை நொறுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தோப்புக்காரர் வீட்டுப் பையன் முதலில் என்ன செய்வான்? போனை எடுத்துத் தேடுவான். 'விண்பொருள் விழுந்து சேதமானால் ஏவிய நாடு இழப்பீடு தரும்' என்று ஒரு வரி கிடைக்கும். படிக்க நன்றாக இருக்கிறது. பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று ஓட்டைகள்!

விழுந்தது இந்திய ராக்கெட் என்றால் இந்த ஒப்பந்தம் நமக்கு உதவாது. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இது பொருந்தாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதற்கென்று உள்நாட்டுச் சட்டம் வேண்டும். 2017-ல் விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு வெளியானது, சட்டமாகவில்லை. அடுத்து, வெளிநாட்டு ராக்கெட்டாகவே இருந்தாலும் இந்த ஒப்பந்தத்தின்கீழ் தோப்புக்காரர் நேரடியாகக் கேட்க முடியாது, அவருக்காக நம் அரசுதான் தூதரக வழியில் கேட்க வேண்டும். அதற்கும் ஓராண்டு கெடு உண்டு.

சட்டம் படித்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுகிற ஓட்டைகள் இவை. மற்றவர்கள் கண்ணுக்குப் படாது. நிலவு ஒப்பந்தமும் அப்படித்தான். இந்தியா அதில் கையெழுத்துப் போட்டது உண்மை, ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. 'கையெழுத்திட்டது' என்பதோடு நிறுத்திவிட்டால், இந்தியா அதற்குக் கட்டுப்பட்ட நாடு என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தொகுக்கப்படும் சர்வதேசச் சட்டக் கலைக்களஞ்சியம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையிலும் அதை எழுதிய நிபுணரின் பெயர் இருக்கும். இன்னொரு நிபுணர் பார்த்த பிறகே இணையத்துக்கு வரும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற குறிப்பும் உண்டு. எல்லாம் சரி, அது ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்கச் சந்தாவும் கட்ட வேண்டும். மாந்தோப்புக்கு எட்டாது.

நிபுணர் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால் வேலை நகராது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2000-ல் தொடங்கிய நியூபீடியா இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரைக்கு ஏழு கட்டச் சரிபார்ப்பு. 2003-ல் மூடும்வரை முப்பது கட்டுரைகள்கூடத் தேறவில்லை. அதற்குத் துணையாக, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2001-ல் தொடங்கிய விக்கிப்பீடியாதான் உலகத்தையே வளைத்துக்கொண்டது.

தமிழுக்கு இரண்டு அனுபவமும் உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கு அந்தந்தத் துறை அறிஞர்கள் எழுதினார்கள். முதல் தொகுதி 1954-ல், ஒன்பதாவது 1963-ல். இன்று அதை இணையத்திலேயே படிக்கலாம். ஆனால் விண்வெளிச் சட்டத்தின் அடிப்படையான ஒப்பந்தம் உருவானதே 1967-ல்! நிபுணர் பார்த்த பக்கம்தான், காலம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று நடந்ததை இன்றே சேர்க்கலாம். எழுதுகிறவர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. அவர்களில் விண்வெளிச் சட்டம் தெரிந்தவர் இருந்தால் அது நம் அதிர்ஷ்டம். எழுத்தாளர் ஜெயமோகனின் முயற்சியில் 2022-ல் வந்த தமிழ் விக்கியில் ஆசிரியர் குழுவின் மேற்பார்வை இருக்கிறது. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் இலக்கியம், பண்பாடு, வரலாறு பக்கம்.

விண்வெளி ஒப்பந்தத்தின் அதிகாரபூர்வ மூலம் ஆங்கிலம், ரஷ்யன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், சீனம் ஆகிய ஐந்து மொழிகளில் இருக்கிறது. தமிழில் தேடுகிறவருக்குக் கிடைப்பது யாரோ சுருக்கி எழுதியதுதான். அந்தச் சுருக்கத்தைச் சட்டம் தெரிந்த ஒருவர் பார்த்தாரா என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'வரலாறு', 'உரையாடல்' என்று இரண்டு பகுதிகள் உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது முதலாவதில் தெரியும். இரண்டாவதில் யாரும் கேள்வி கேட்கலாம். நாகரசம்பட்டிக்குப் பக்கத்திலேயே தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த ஒரு வரியைத் திருத்த அங்குள்ள ஓர் ஆசிரியருக்கு அரை மணி நேரம் ஆகும்.