வெட்டுமுன் விரித்துப் பாருங்கள்



ராபர்ட்சன்பேட்டையில் பூட்டிக் கிடக்கும் உங்கள் தாயாரின் வீட்டைக் கடைசியாக எப்பொழுது திறந்தீர்கள்? 2001ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம்மவர் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில் என்றாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் அன்றாடம் போய்வருகிறவர்கள் உண்டு. அங்கேயே வாடகை வீடு பிடித்துக் குடியேறியவர்களும் உண்டு. ஊரிலோ, பூட்டிய வீட்டின் மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதற்குள் அந்துருண்டை வாசனையோடு நான்கைந்து பருத்திப் புடவைகள். உடுத்த ஆளில்லை, எறிந்துவிட மனமுமில்லை.

அந்தப் புடவைகளை வெட்டிச் சேர்த்து ஒரு போர்வையாக்கலாம் என்று பலருக்குத் தோன்றுகிறது. ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவுடன் கை நடுங்குகிறது. நடுங்க வேண்டியதுதான். தவறாக வெட்டிய துணியை மறுபடி முழுத்துணியாக்க முடியாது. கடையில் வாங்கிய துணியாயின் இன்னொரு மீட்டர் வாங்கலாம். தாயாரின் புடவையை எந்தக் கடையில் வாங்குவது? இந்த நடுக்கத்திற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. துணியைத் தொடுமுன் முழுப் போர்வையையும் கணினித் திரையில் அமைத்துப் பார்ப்பதே அது.

இருவகை ஒட்டு

ஒட்டுப் போர்வைகளில் இரண்டு வகை வேலைகள் உண்டு. முதலாவது, துண்டு இணைப்பு. சதுரம், முக்கோணம், பட்டை ஆகிய துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்து ஒரு கட்டத்தை உருவாக்குவார்கள். இரண்டாவது, மேலொட்டு. அடித்துணி ஒன்றை விரித்து, அதன்மேல் பூ, இலை, பறவை போன்ற வடிவங்களை வெட்டி வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து ஹெம்மிங் தையலால் பிடிப்பார்கள். அப்ளிக் என்று நகரத்தில் சொல்லப்படுவது இதுவே. கட்டங்கள் பல சேர்ந்து மேல்விரிப்பு ஆகிறது. அதன் கீழே பஞ்சு அடுக்கும், அதற்குக் கீழே அடித்துணியும் வைத்து மூன்றையும் ஒன்றாகத் தைத்தால் போர்வை ஆகிறது.

இது நமக்குப் புதிய தொழில் அன்று. வடகர்நாடகத்தில் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் கௌதிப் போர்வையைக் கண்டிருப்பீர்கள். உத்தரகன்னட மாவட்டத்தின் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் இதையே கவந்தி என்று அழைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. அவர்கள் வரைபடம் எதுவும் போடுவதில்லை. பழம்புடவையின் ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை ஓரமாக வைத்து ஓட்டுத் தையலால் சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளைப் பூவாக வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்கு வேலை நிறைவு பெறும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கருப்பினப் பெண்களும் இவ்வாறே உழைத்துத் தேய்ந்த உடைகளைக் கொண்டு போர்வைகள் தைத்தார்கள். அவை 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அந்நாட்டின் தபால்தலைகளிலும் அச்சாயின. ஏழையின் கந்தலை எவரும் இழிவாக எண்ண வேண்டாம்.

திரையில் ஒரு போர்வை

சித்திப் பெண்களின் கைக்கு ஆயுட்காலப் பழக்கம் இருக்கிறது. முதன்முறையாக உட்காருகிற நமக்கு முன்மாதிரி தேவை. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த பென்னி மக்மோரிஸ், டீன் நியூமன் என்னும் தம்பதியர் எலக்ட்ரிக் குவில்ட் என்ற கணினிச் செயலியை வெளியிட்டார்கள். மனைவி போர்வைக் கலையை நன்கறிந்தவர்; கணவர் கணிதப் பேராசிரியர். அதில் துண்டு இணைப்புக் கட்டங்களை வரைய ஒரு பகுதியும், மேலொட்டு வடிவங்களை வரைய மற்றொரு பகுதியும் உண்டு. போர்வையும் மூன்று தளங்களாக அமையும்: கட்டங்கள் கீழே, மேலொட்டு அதன்மேல், தையல்நூலின் கோலம் எல்லாவற்றிற்கும் மேலே.

விலைகொடுத்து வாங்கும் செயலி இல்லையே என்று தளர வேண்டாம். அலுவலகத்தில் கணக்கெழுதும் எக்செல் தாளின் கட்டங்களைச் சதுரமாக்கி நிறம் நிரப்பினாலும் எளிய சதுரப் போர்வைகளை அமைக்கலாம். கணினியே இல்லாதவருக்குப் பிள்ளைகளின் கட்டம்போட்ட கணக்கு நோட்டும் வண்ணப் பென்சிலும் போதும்.

முதலில் புடவைகளைத் துவைத்து, உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். பின்பு அந்தப் படங்களைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியலாம். ஆனால் கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால், போர்வையில் அவற்றை அருகருகே வைக்கும்போது கோலம் எடுபடாது. ஒரு கட்டத்தின் வடிவத்தை எடுத்துக்காட்டுவது நிறத்தைவிட வெளிர்மையும் அடர்த்தியுமே.

அடுத்து, கட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். குறுக்காகப் பாதி அடர்நிறம், பாதி வெளிர்நிறம் கொண்ட ஒரு சதுரத்தை நான்கு பக்கமும் திருப்பி வைக்கலாம். அவ்வாறான நான்கு சதுரங்களை இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் 256 விதங்களில் வைக்கலாம். அவற்றுள் ஒன்று காற்றாடியாகத் தோன்றும். ஒன்று வைரமாகத் தோன்றும். ஒன்று உழுத சால்களாக ஓடும். துணியில் இவற்றைப் பரீட்சை பார்க்க ஆண்டுகள் போதாது. திரையில் ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு நூலும் வீணாகாது.

கால் அங்குலத்தின் கதை

இனி அளவைப் பார்ப்போம். மிக எளிய கட்டம் ஒன்பது துண்டுக் கட்டம். நான்கு அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாக இணைத்தால் 12 அங்குலக் கட்டம் கிடைக்கும். அகலத்தில் 5, நீளத்தில் 7 என 35 கட்டங்களைச் சேர்த்தால் 60க்கு 84 அங்குலம். சுற்றிலும் 3 அங்குலக் கரை வைத்தால் 66க்கு 90 அங்குலம். ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம்.

திரையில் காண்பது தைத்து முடித்த அளவு என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டும். ஆகவே நான்கு அங்குலச் சதுரத்திற்கு 4½ அங்குலம் வெட்ட வேண்டும். இதை மறந்து நான்கு அங்குலமாகவே வெட்டினால், தைத்தபின் ஒவ்வொரு துண்டும் 3½ அங்குலமாகும். கட்டம் 10½ அங்குலமாகும். போர்வை கரைக்கு முன் 52½க்கு 73½ அங்குலமாகக் குறுகிவிடும். கால் அங்குலம் அற்பமாகத் தோன்றியது. முடிவில் கால் மூடாத போர்வையாயிற்று. நான்கு அங்குலச் சதுரத்தைக் குறுக்காகப் பாதியாக்கிய முக்கோணங்கள் வேண்டுமானால், 4⅞ அங்குலச் சதுரம் வெட்டி அதைக் கோணத்திற்குக் கோணம் அறுக்க வேண்டும்.

துணி எவ்வளவு தேவை? ஒவ்வொரு கட்டத்திலும் அடர்நிறம் 5, வெளிர்நிறம் 4 என்று வைத்தால், 175 அடர் சதுரங்களும் 140 வெளிர் சதுரங்களும் வேண்டும். 44 அங்குல அகலமுள்ள புடவையில் ஒரு வரிசைக்கு 9 சதுரங்கள் கிடைக்கும். அடர்நிறத்திற்கு 20 வரிசைகள், அதாவது 90 அங்குலம்; வெளிர்நிறத்திற்கு 16 வரிசைகள், அதாவது 72 அங்குலம். ஐந்தரை மீட்டர் புடவை 216 அங்குலம் இருக்கும். எனவே ஒவ்வொரு புடவையிலும் பாதிக்கும் குறைவே செலவாகிறது. நைந்த இடங்களை ஒதுக்கிவிடலாம். முந்தானையை வெட்டாமலே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போடாதவர் இரண்டு புடவைகளையும் முழுவதும் வெட்டியிருப்பார்.

மேலொட்டின் முறை

ஒரே ஒரு கட்டத்திலாவது பூவேலை வேண்டும் என்று விரும்புவீர்களானால், அடுக்கும் வரிசையைத் திரையிலேயே முடிவு செய்யுங்கள். காம்பு அடியில், இலை அதன்மேல், பூ எல்லாவற்றிற்கும் மேலே. காம்பின் முனையும் இலையின் அடியும் பூவுக்குள் மறைய வேண்டும். வளையும் காம்பிற்குத் தையற்காரர் கிராஸ் என்று சொல்லும் சாய்வெட்டில் பட்டை எடுங்கள். நேர்வெட்டுப் பட்டை வளைவில் சுருங்கும். உள்நோக்கி வளையும் ஓரங்களில் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் மடிப்பு படியும். இலையின் கூர்முனையை முதலில் மடித்துவிட்டு, பின்பு இரு பக்கங்களையும் மடியுங்கள். திரையில் ஊசிமுனை போன்ற இலை அழகாயிருக்கும். கையில் அதை மடிக்க இடமிராது. ஆகவே வடிவங்களைச் சற்றுப் பெரிதாகவே வரையுங்கள்.

திரை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சாயம் போகுமா என்பதை ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துத்தான் அறியவேண்டும். பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே சூட்டில் இஸ்திரிக்கு ஒத்துவரா. முப்பது வருடம் உழைத்த இழை எங்கே தாங்கும், எங்கே கிழியும் என்பதை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஆகவே திரையில் முடிவானபின்பும் முதலில் ஒரே ஒரு கட்டத்தை வெட்டித் தையுங்கள். அது 12½ அங்குலமாக வந்தால், கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தையலுக்கு உள்ள அரை அங்குலத்தோடு அளவு சரி. அதன்பிறகே மற்றவற்றை வெட்டுங்கள்.

அருமையானவர்களே, யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவள் தைத்துத் தந்த உடைகளையே கையில் ஏந்திக் கண்ணீரோடு நின்றார்கள் என்று வேதத்தில் வாசிக்கிறோம். ஒருவர் போனபின் அவருடைய அன்பைத் துணியும் பேசும். பூட்டிய பெட்டிக்குள் அது யாரிடம் பேசும்? அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பெட்டியைத் திறவுங்கள். உடன்பிறந்தாரையும் அழையுங்கள். எந்தப் புடவை எந்தப் பண்டிகைக்கு வாங்கியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே படம் பிடியுங்கள். பிள்ளைகளைத் திரைக்கு முன் உட்கார வைத்து, பாட்டியின் நிறங்களை அவர்களே அடுக்கிப் பார்க்கட்டும். அனைவரும் சம்மதித்தபின் கத்தரிக்கோலை எடுங்கள். அப்பொழுது உங்கள் கை நடுங்காது.