ஆளியும் மீளனுப்பியும்

செப்புத் தடமொன்றின் ஒருமுனையிற் கொடுத்த மின்சைகை மறுமுனையில் அவ்வாறே கிடைக்கும் என்பது விளக்கெரிக்குஞ் சுற்றுக்குப் பொருந்தும்; கணினியின் அச்சுச் சுற்றுப் பலகைக்குப் பொருந்தாது. 2013 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யூஎஸ்பி 3.1 முறையில் ஒரு செக்கனில் 1000 கோடி துடிப்புக்கள் வரை செல்லலாம். பலகையிற் சைகையின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய அரைப்பங்காகும். ஆகவே ஒரு துடிப்பின் நீளம் 1.5 சதமமீற்றர் அளவினதே. 15 சதமமீற்றர்த் தடத்தில் ஒரே வேளையிற் பத்துத் துடிப்புக்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

மீடிறன் உயர உயர மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலேயே ஒதுங்குகின்றது; ஆகலின் தடை மிகுகின்றது. கண்ணாடி நாரும் பிசினுஞ் சேர்ந்த காவற்பொருளும் சத்தியை உறிஞ்சுகின்றது. இவற்றால் துடிப்பின் கூரிய விளிம்பு மழுங்கி, அதன் வால் அடுத்த துடிப்பின்மேற் படிகின்றது. பலகைக்கு அனுமதிக்கப்பட்ட இழப்பு 5 கிகாஹேட்சில் 8.5 தெசிபெல் எனின், மின்னழுத்தத்தில் 38 சதவீதமே எஞ்சும்.

இந்நிலையில் ஆளி ஏன் வேண்டும்? 2014 இல் வந்த யூஎஸ்பி-சி செருகியை எப்பக்கமாகவுஞ் செருகலாம். செருகிய பக்கத்துக்கேற்ப இருவழிகளுள் ஒன்றைத் தெரிதல் ஆளியின் பணி. ஆயின் அது தானும் ஓரிரு தெசிபெல்லை விழுங்கும். அதன் பொருத்துவாய்கள் சைகையின் ஒரு பகுதியைத் தெறிக்கச் செய்யும்.

இழந்ததை ஈடுசெய்வது மீளனுப்பி. அது இருவகைப்படும். ஒன்று, நலிந்த உயர்மீடிறன்களைக் கூடுதலாக உயர்த்தி அனுப்பும் பெருக்கி. இது சைகையோடு கலந்த இரைச்சலையும் உயர்த்திவிடும். மற்றையது, ஒவ்வொரு துடிப்பும் ஒன்றா பூச்சியமா எனத் துணிந்து, நேரத்தையுஞ் சீராக்கிப் புதிதாய் அனுப்புவது. இது இரைச்சலை நீக்கும். எனினும் பிழையாகத் துணிந்தால் அப்பிழையையே அனுப்பும். எனவே சைகை இரைச்சலில் அமிழுமுன்னரே மீளனுப்பி அமைதல் வேண்டும்.

இங்கேதான் அமைப்போனுக்கு இடர் தோன்றுகின்றது. அனுப்புந் திசையிற் பெருக்கி முன்னும் ஆளி பின்னும் நிற்றல் நன்று. ஒரு பெருக்கியே இருவழிக்கும் போதும். வாங்குந் திசையிலோ வடத்தினூடாக நலிந்துவந்த சைகை முதலில் ஆளியைக் கடப்பின் மேலும் நலியும். அதனைத் தவிர்க்கப் பெருக்கியை முன்வைப்பின், வழிக்கொன்றாக இரண்டு வேண்டும். செலவும் மின்சத்தியும் ஏறும்.

இரண்டையும் ஒரே சில்லில் அமைப்பது இவ்விடரைப் பெரிதுங் குறைக்கின்றது. இடையிலுள்ள தடமும் பொருத்துவாய்களும் மறைகின்றன. ஆளியின் இழப்பை முன்னறிந்து பெருக்கியை அதற்கேற்ப அமைக்கலாம். ஆயினும் அச்சில்லைப் பலகையில் எங்கே வைப்பது என்ற வினா எஞ்சுகின்றது. கணிப்பொறியின் மையச்சில்லுக்கு அருகே வைப்பின் வடத்திலிருந்து வருஞ் சைகை நெடுவழி நலிந்தே அதனை அடையும்; செருகுவாய்க்கு அருகே வைப்பின் அது இரைச்சலுக்கு மேலே நிற்கும்போதே உயர்த்தப்படும். பெருக்கியின் வலிமையினும் அதன் இடமே முதலில் ஆராயத்தக்கது.