கிரேக்கர் கடையும் நஜர்பாத் தோசையும்

சென்ற ஆண்டு மகள் வீட்டுக்கு நியூஜெர்சி சென்று மூன்று மாதம் தங்கி வந்தேன். திரும்பியதும் சங்க அன்பர்கள் கேட்ட முதல் கேள்வி, “சாப்பாட்டுக்கு என்ன சார் செய்தீர்கள்?” என்பதுதான். வீட்டில் சாம்பார், ரசம் இருந்தது. ஞாயிறு காலைகளில் மட்டும் மாப்பிள்ளை எங்களைப் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு ‘டைனர்’ கடைக்கு அழைத்துப் போவார். அந்தக் கடையைப் பார்த்தபோது எனக்கு நம் மைசூரு ஞாபகம்தான் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் இருப்பதால், அதைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு ரயில் பெட்டி. நீளமாக, ஒடுக்கமாக, வரிசையாக ஜன்னல்கள். பழைய ரயில் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றே முதலில் எண்ணினேன். முப்பத்தெட்டு ஆண்டு ரயில்வே அனுபவம் அங்கே பொய்த்துவிட்டது! இத்தகைய கடைகளில் பெரும்பாலானவை தண்டவாளத்தில் ஓடியவை அல்ல. 1872-இல் பிராவிடன்ஸ் நகரில் வால்ட்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து இரவு வேலைக்காரர்களுக்கு உணவு விற்றார். அந்த வண்டியே இதன் மூதாதை. பிறகு இதற்கென்றே தொழிற்சாலைகள் வந்தன. முழுக் கடையையும் அங்கேயே கட்டி, சாலையிலோ ரயிலிலோ கொண்டுவந்து இறக்குவார்கள். வழியில் பாலத்திலும் கம்பத்திலும் இடிக்காமல் வர வேண்டுமே, அதனால்தான் அந்த ஒடுக்கம். ரயில் பெட்டிக்கு நாங்கள் பார்க்கும் அதே அகலக் கணக்கு.

உள்ளே ஒரு பக்கம் நீண்ட மேடை, அதன் முன் சுழலும் ஸ்டூல்கள். மறு பக்கம் இரண்டாம் வகுப்புப் பெட்டி போல எதிரெதிர் பெஞ்சுகள். மேடைக்குப் பின்னால் பெரிய தட்டையான இரும்புக் கல் ஒன்று, நம் தோசைக்கல்லின் பெரியண்ணன். முட்டையும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் அதில்தான் வேகின்றன. பட்டியலோ பல பக்கம்! இத்தனையும் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்தேன். மூலப்பொருள் சிலவே. அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஐம்பது பெயர் வந்துவிடுகிறது. காலைப் பலகாரம் நாள் முழுதும் கிடைக்கும். காப்பி குறையக் குறைய ஊற்றுவார்கள், அதற்குத் தனிக் காசில்லை. சைவர்களுக்குப் பான்கேக், சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு உண்டு. பில் தொகைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை பரிமாறுபவருக்கு வைக்க வேண்டும். அவர்கள் சம்பளமே பெரும்பாலும் அதில்தான் என்று மகள் சொன்னாள்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் இத்தகைய கடைகளில் மிகப் பலவற்றை நடத்தியவர்கள் கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அலையாகவும், 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பின் இன்னோர் அலையாகவும் வந்தார்கள். பாஷை தெரியாதவனுக்கும் தட்டுக் கழுவும் வேலை கிடைக்கும். கழுவியவன் கல்லடிக்கு வருவான், சேர்த்த காசில் பங்கு வாங்குவான், பிறகு ஊரிலிருந்து தம்பியையும் மைத்துனனையும் அழைப்பான். அவர்கள் விற்றது பெரும்பாலும் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை அல்ல, வந்த ஊர்க்காரர்களின் சாப்பாட்டை. கீரை வைத்துச் சுட்ட ‘ஸ்பானகோபிட்டா’வும் ஆட்டுப்பால் சீஸ் தூவிய சாலடும் மட்டும் பட்டியலின் ஒரு மூலையில் சொந்த ஊரை நினைவூட்டும்.

இது நமக்குப் புதிய கதையா? உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போன கே. கிருஷ்ண ராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். அவருக்கு முன்னும் பின்னும் அவ்வூர்க்காரர்கள் எத்தனையோ நகரங்களுக்குச் சென்று, யார் யாருக்கோ காலை இட்லி போட்டார்கள்.

நம் மைசூருவிலும் குடும்பங்கள் நடத்தும் கடைகளுக்குக் குறைவில்லை. சயாஜி ராவ் சாலையில் தேவராஜா மார்க்கெட்டை ஒட்டிய குரு ஸ்வீட்ஸ், மைசூர் பாகை முதலில் கிளறியவர் என்று சொல்லப்படும் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள் நடத்துவது. நஜர்பாதில் விநாயக மைலாரி. அதே வீதியில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடை இருப்பதால், எது அசல் என்ற பஞ்சாயத்து இன்றும் தீரவில்லை! அங்கே பட்டியல் டைனருக்கு நேர் எதிர். தோசை, இட்லி, காப்பி, கிட்டத்தட்ட அவ்வளவுதான். மொறுமொறுப்புத் தேடுபவர் ஏமாந்து போவார். மாவை மெல்லியதாக இழுக்காமல் சற்றுக் கனமாக விடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, பஞ்சு போல் வருகிறது. உள்ளே சாகு, மேலே ஒரு வெண்ணெய்க் கட்டி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. பொருள் குறைவென்றால் சரக்கு தேங்காது, கை பழகிவிடும், வந்தவர் காத்திருக்க வேண்டாம். டைனர் பலவற்றைக் காட்டிப் பிழைக்கிறது, நம் கடை ஒன்றைச் சரியாகச் செய்து பிழைக்கிறது. இரண்டுக்கும் பொது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி, கல்லடியில் நிற்பவர் அவர் உறவு என்பதே.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1982-இல் டிப்ளமோவை முடித்துவிட்டுத் திருச்சியிலிருந்து இவ்வூருக்கு வேலைக்கு வந்தேன். அப்போது பெங்களூர் பாதை மீட்டர் கேஜ், கன்னடத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை. அக்ரஹாரம் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில் நான்கு மேஜை போட்டு ஒரு கன்னடக் குடும்பம் மெஸ் நடத்தியது. அப்பா சமையல், அம்மா கல்லடி, மூத்த பெண் கணக்கு நோட்டு. முதல் சம்பளம் வரும்வரை என் பெயரில் நோட்டில் எழுதிக்கொண்டே சாப்பிட்டேன். ஜுரம் வந்து படுத்தபோது, அந்தப் பெண்ணிடம் தூக்கில் சாரு கொடுத்தனுப்பினார் அந்த அம்மா. நம் ரசத்தைத்தான் இங்கே சாரு என்பார்கள். அந்த வார்த்தையைக் கற்றது அன்றுதான். பின்னர் திடீரென்று மாற்றல் வந்து அரசிகெரே போய்விட்டேன். நாற்பத்தாறு ரூபாய் பாக்கி. அடுத்த மாதம் மணியார்டர் அனுப்பினேன். “நீ வரும்போது தந்தால் போதாதா? கமிஷனை ஏன் வீணாக்கினாய்?” என்று கடிதம் வந்தது.

அந்த மெஸ் 2009-இல் மூடப்பட்டது. கணக்கு எழுதிய பெண் பாங்க் அதிகாரியாகிவிட்டார், தம்பி பெங்களூரில் பொறியாளர். வருத்தத்தோடு போய்ப் பார்த்தேன். பெரியவர் சிரித்தார். “இத்தனை வருஷம் நாங்க அடுப்படியில நின்னது எதுக்கு சார்? பிள்ளைங்க நிக்கக் கூடாதுன்னுதானே!” என்றார்.

நியூஜெர்சிக் கடை முதலாளிக்கு எழுபது வயது இருக்கும். உங்களுக்குப் பின் யார் என்று மாப்பிள்ளை மூலம் கேட்டேன். மகள் வக்கீல், மகன் டாக்டர், கடைக்கு யாரும் இல்லை என்று கை விரித்தார். முகத்தில் பெருமையும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது.

கடை மூடுவது அந்தக் குடும்பத்துக்குத் தோல்வி அல்ல, வெற்றிதான். ஆனால் இனி பெட்டியும் கையுமாக ரயிலிலிருந்து இறங்கும் இருபது வயதுப் பையனுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு யார் சோறு போடுவார்கள்? செல்போனில் ஆர்டர் செய்தால் சாப்பாடு வாசலுக்கு வரும், ஜுரம் என்று தெரிந்து சாரு வராது.

பெரிய திட்டம் எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாதம் ஒரு முறையாவது பிள்ளைகளை இத்தகைய கடைக்கு அழைத்துப் போங்கள், கல்லாவில் இருப்பவரிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசச் சொல்லுங்கள். சங்கத்துக்குப் புதிதாக ஒரு பையன் வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர் வருகிறார்கள். கணக்கு நோட்டு மட்டும் வைக்கவில்லை.