தோழிகளோடு கம்பளித் திருவிழாவுக்கு ஒரு நாள்... என்ன பார்க்கலாம், எவ்வளவு வாங்கலாம்?

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வசிப்பவரா நீங்கள்? அல்லது பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, பொழுதுபோக குரோஷா ஊசியைக் கையில் எடுத்திருக்கும் அம்மாவா? அக்டோபரில் ஒரு நாளை ரைன்பெக்குக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஹட்சன் பள்ளத்தாக்கில் இருக்கும் சிற்றூர் இது. இங்குள்ள டச்சஸ் கவுன்டி கண்காட்சி மைதானத்தில் வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வார இறுதியில், நியூயார்க் மாநிலச் செம்மறி ஆடு, கம்பளித் திருவிழா நடக்கும். நியூயார்க் நகரத்திலிருந்து சுமார் 160 கி.மீ. கார் இல்லையா? ஆம்ட்ராக் ரயிலில் ரைன்கிளிஃப் ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம்.

ஒரு கொட்டகையில் செம்மறி ஆடுகள், இன்னொன்றில் அல்பாக்காக்கள், வெளியே மந்தையை மடக்கும் நாய்கள் என்று மைதானமே களைகட்டும். இதற்கென்றே பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஏராளம். அதற்கு 'ரைன்பெக் ஸ்வெட்டர்' என்றே பெயர்!

கழுத்துல வெச்சுப் பாருங்க

கம்பளி என்றாலே குத்தும் என்று நினைக்கிறோம். அது இழையின் தடிமனைப் பொறுத்தது. மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்கும் குறைவு. 30 மைக்ரானைத் தாண்டினால் தோலில் குத்தத் தொடங்கும். உள்ளங்கையில் இது தெரியாது. நூலைக் கழுத்தோரம் வைத்துப் பாருங்கள். குத்தினால், அது பைக்கும் விரிப்புக்கும்தான் சரி.

அல்பாக்கா நல்ல கதகதப்பு. ஆனால், செம்மறிக் கம்பளிபோல சுருங்கி விரியாது. கனமான ஸ்வெட்டர் பின்னினால் தொங்கிவிடும். சால்வைக்கு அருமை. இன்னொரு குழப்பம்: அங்கோரா ஆடு தருவது மோஹேர், அங்கோரா என்ற இழை வருவது முயலிடமிருந்து!

கிராம் பார்க்காதீங்க, மீட்டர் பாருங்க

'அழகா இருக்கே' என்று வண்ணத்துக்கு ஒன்றாக வாங்கி வந்தால், எதையும் முழுதாகப் பின்ன முடியாது. 100 கிராம் மெல்லிய நூல் சிட்டத்தில் சுமார் 400 மீட்டர் இருக்கும். ஒரு ஜோடி சாக்ஸுக்குப் போதும். அதே 100 கிராம் தடிமனான நூலில் 200 மீட்டர்தான். பெரியவர்களுக்கான முழுக்கை ஸ்வெட்டருக்கு, அளவையும் நூலையும் பொறுத்து 1,000 முதல் 1,500 மீட்டர் வரை தேவைப்படலாம்.

கையால் சாயமிட்ட நூலா? தேவையான மொத்தத்தையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை அதே நிறம் அப்படியே அமையாது. சிட்டங்களுக்கு இடையே லேசான வித்தியாசம் தெரிந்தால், இரண்டு வரிசைக்கு ஒருமுறை சிட்டத்தை மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

தோழிகள் எதுக்கு?

பர்ஸைப் பிடித்து இழுக்க மட்டுமல்ல, பங்கு போடவும்தான். கத்தரித்த ரோமத்தை அலசாமல் முழுசாக விற்பார்கள். ஒரு ஆட்டின் ரோமமே இரண்டு, மூன்று கிலோ இருக்கும். அலசியதும் கொழுப்பும் அழுக்கும் போய், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடை குறைந்துவிடும். தக்ளியில் நூற்றுப் பழகும் ஒருவருக்கு அதுவே மிக அதிகம். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் செலவும் வேலையும் குறையும். அலசும்போது சுடுநீரில் சோப்பு போட்டு ஊறவிட்டாலே போதும். கசக்கினால் இழைகள் பின்னிக்கொண்டு கெட்டியாகிவிடும்.

பேரம் பேசும் முன்...

'கடையில இதைவிட சீப்பா கிடைக்குமே' என்று தோன்றும். உண்மைதான். ஆனால், அமெரிக்காவின் சிறு பண்ணைக்காரர்கள் ரோமத்தை மொத்த வியாபாரியிடம் போட்டால், பல நேரம் கத்தரிக்கும் கூலிகூடத் தேறுவதில்லை. வேறு வழியின்றி உரமாக்கி விடுபவர்களும் உண்டு. ஆடு வளர்ப்பவர் நேராகப் பின்னுபவரிடம் விற்கும் இதுபோன்ற நாள்களில்தான் அந்த ரோமத்துக்கு விலை கிடைக்கிறது.

அதனால் எல்லாக் கடையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவதைவிட, பண்ணைக்காரர் ஒருவரிடம் ஒரு உடுப்புக்குத் தேவையான அளவு முழுதாக வாங்குங்கள். 'இது என்ன இன ஆடு, எதுக்கு நல்லா இருக்கும்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் போன் திறந்து, அந்த ஆட்டின் போட்டோவையே காட்டுவார்கள்!