உங்களுக்குத் தெரியுமா? மெடிகேர் குழப்பத்துக்குக் கட்டணமில்லாத துணை

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். விதிகளோ படித்தவர்களையே திணறடிக்கும். உரிய காலத்தில் மெடிகேரின் ‘பார்ட் பி’ பிரிவில் சேராவிட்டால், தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும்; அந்த அபராதம் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். (வேலை வழியாகக் காப்பீடு உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு.)

இந்தச் சிக்கல்களை அவிழ்க்கத்தான் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ‘ஷிப்’ ஆலோசனைத் திட்டம் பிறந்தது. 50 மாநிலங்களிலும் உண்டு. ஆலோசகர்களில் பலர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். பில்லைப் பிரித்துப் பார்த்து விளக்குவார்கள். காப்பீடு பணம் தர மறுத்தால் மேல்முறையீட்டுக்கும் வழிகாட்டுவார்கள். அவர்கள் எந்தக் காப்பீட்டையும் விற்பதில்லை. முதியவர்கள் நம்பிப் பேச இதைவிட வேறென்ன வேண்டும்! மெடிகேர் காப்பீட்டுத் திட்டங்களை மாற்றிக்கொள்ளும் காலம் ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை.