பழக்கூழ்ப் பைகளும் காமா கதிர்களும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் வட்டாரமும், 2022-ஆம் ஆண்டில் அதனின்று பிரிந்து தனி மாவட்டமான திருப்பதியும் மாம்பழக் கூழ் உற்பத்திக்குப் பெயர் பெற்றவை. பங்காருபாளையம், தாமலசெருவு முதலிய சந்தைகளுக்கு வரும் தோத்தாபுரி மாங்காய்கள் பழுக்க வைக்கப்பட்டு ஆலைகளில் கூழாக்கப்படுகின்றன. கூழைச் சூடாக்கிக் கிருமிகளை அழித்துக் குளிர்வித்தபின், கிருமியற்ற பிளாஸ்டிக் பையில் நிரப்பி, இரும்புப் பீப்பாயினுள் வைத்து மூடுகின்றனர். பீப்பாய் ஒன்று 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட கூழைக் கொள்ளும். குளிர்பதனமின்றியே அது பல மாதங்கள் கெடாதிருக்கும்.

கூழைச் சூட்டினால் தூய்மை செய்யலாம். பையை அவ்வாறு செய்தல் எளிதன்று. கிருமிகளை முற்றும் ஒழிக்கவல்ல கடும் நீராவியில் பாலிதீன் இளகிவிடும். ஆகவே வெற்றுப் பைகள், வாய் மூடப்பட்ட நிலையிலேயே, கோபால்ட்-60 என்னும் கதிரியக்கத் தனிமம் வெளிவிடும் காமா கதிர்களுக்கு உட்படுத்தப்படுகின்றன. ஏற்றுமதிக்குரிய மாம்பழத்திலுள்ள பூச்சிகளை இனப்பெருக்கத்துக்கு உதவாதபடி செய்ய 400 கிரே போதுமானது. கிருமிகளை அறவே நீக்குவதற்கு வழக்கமாகக் கொள்ளப்படும் அளவோ 25,000 கிரே ஆகும்.

இவ்வளவு சக்தி கிருமியை மட்டும் தாக்கிவிட்டு நின்றுவிடுவதில்லை. பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் தொகுதி. கதிர் படும்போது சில பிணைப்புகள் அறுகின்றன. அறுந்த முனைகள் பக்கத்துச் சங்கிலியுடன் இணையலாம். அல்லது சங்கிலியே துண்டுபடலாம். நூல்களை இடையிடையே முடிச்சிட்டால் வலை உறுதிப்படும்; அறுத்துவிட்டால் இற்றுப்போகும். இரண்டும் ஒருங்கே நிகழ்வதுண்டு. எது மிகுதியோ அதுவே பொருளின் தன்மையை நிர்ணயிக்கும்.

பாலிதீனில் குறுக்குப் பிணைப்பே மிகுதி. இதனை 1952-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆர்தர் சார்ல்ஸ்பி எடுத்துக்காட்டினார். பாலிபுரொப்பிலீனில் சங்கிலிகள் அறுகின்றன. கதிர்வீச்சு நின்ற பின்னரும் பிராணவாயுவின் சேர்க்கையால் அச்சிதைவு தொடர்ந்து, பண்டம் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. பி.வி.சி. நிறம் மாறி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடுகிறது. பாலியெஸ்டரும் பாலிஸ்டைரீனும் கதிரை நன்கு தாங்குகின்றன. கூழ்ப் பைகளில் உட்புறம் பாலிதீனும், வெளிப்புறம் உலோகம் பூசிய பாலியெஸ்டரும் அமைவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

எனினும் பாலிதீனிலும் குறை உண்டு. காற்றுள்ள இடத்தில் கதிர்பட்டால் ஆல்டிஹைடு, கீட்டோன் போன்ற சிறு மூலக்கூறுகள் தோன்றி ஒருவித வாடையை உண்டாக்கக்கூடும். பிளாஸ்டிக்கைக் காக்கச் சேர்க்கப்பட்ட இரசாயனங்களும் ஓரளவு சிதையும். இவை கூழில் கலந்தால் சுவை கெடும். ஒரு பருவத்து விளைச்சலின் மதிப்பே குன்றும். ஆதலின் கதிர்படாத பிளாஸ்டிக்கைச் சோதிப்பது போதாது. கதிர்பட்ட பின்னரும் அதன் உறுதி, வாடை, கூழுள் கசியும் பொருள்கள் ஆகியவற்றை ஆராய்தல் அவசியமாகும்.

இப்பைகள் கதிரியக்கம் உடையனவாகிவிடுமோ என்று மாணவரும் விவசாயிகளும் வினவலாம். ஆகா. கோபால்ட்-60 கதிர்களின் சக்தி பிளாஸ்டிக்கின் அணுக்கருக்களைக் கதிரியக்கமுள்ளவையாக மாற்றப் போதாது. கவனிக்கத்தக்கவை வேறு: மூடி திறந்த பையையும் கிழிந்த பையையும் விலக்கவேண்டும், ஒருமுறை கதிர்பட்ட பையை மறுமுறை கதிருக்கு உட்படுத்தலாகாது, மலிவு கருதி வேறு பிளாஸ்டிக்கை அதன் இடத்தில் வைத்தலும் தகாது. கிருமியைக் கொல்லும் அளவும் பை தாங்கும் அளவும் பொருந்தினால்தான் பழக்கூழ் பாதுகாப்பாக இருக்கும்.