கயிறு பிடித்தால் நிற்கும், தவறினால் பறக்கும்

பயணிகள் விமானம் ஓடுதளத்தைத் தொட்டதும் விமானி வேகத்தைக் குறைப்பார். விமானந்தாங்கிக் கப்பலில் நடப்பது நேரெதிர். சக்கரம் தளத்தில் பட்ட கணமே போர் விமானி இன்ஜினை முழு விசைக்கு முடுக்கிவிடுகிறார். நிற்க வேண்டிய நேரத்தில் ஏன் இந்தப் பாய்ச்சல்?

கொச்சியில் கட்டப்பட்டு, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்த் 262 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம் கொண்டது. சென்னை விமான நிலையத்தின் பிரதான ஓடுதளமோ மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல். விக்ராந்தில் மிக்-29கே ரக விமானம் இறங்கக் கிடைப்பது அந்த 262 மீட்டரும் அல்ல. அதில் ஒரு பகுதி மட்டுமே. அதனால் கப்பல் காற்றை எதிர்த்து வேகமெடுத்து ஓடும். விமானத்துக்கும் தளத்துக்கும் உள்ள வேக வித்தியாசம் அந்த அளவுக்குக் குறையும். அப்படிக் குறைத்தும் மிஞ்சுகிற வேகத்தை ஏறத்தாழ இரண்டரை விநாடியில், 100 மீட்டருக்குள் பூஜ்யமாக்க வேண்டும். பிரேக்கால் ஆகிற காரியமல்ல இது. தளத்தின் குறுக்கே மூன்று எஃகு வடங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி அவற்றில் ஒன்றைப் பற்றியாக வேண்டும்.

கொக்கி மூன்றையும் தவறவிட்டால்? வேகத்தைக் குறைத்திருந்தால் விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழும். முழு விசையில் இருந்தால் அப்படியே மேலெழும்பி, ஒரு சுற்று சுற்றி, மறுபடி முயலலாம். கயிறு பிடித்துவிட்டது என்று விமானி உணர்ந்து முடிவெடுக்கும் வரை காத்திருக்க நேரம் கிடையாது. அதனால்தான் தொடும்போதே விசையைக் கூட்டிவிடுகிறார்.

இந்த இரண்டாவது வாய்ப்பு ஆரம்பத்தில் கிடையாது. இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல்களில் இறங்குதளம் நேராக முன்பக்கம் வரை நீண்டது. முன்பக்கத்திலோ மற்ற விமானங்கள் நிறுத்தப்பட்டிருக்கும். கயிற்றைத் தவறவிட்ட விமானம் நடுவே கட்டிய தடுப்பில் மோதும். அதையும் தாண்டினால் நிறுத்தியிருக்கும் விமானங்கள்மீதே போய் விழும். 1951-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டென்னிஸ் கேம்பெல் ஒரு யோசனை சொன்னார்: இறங்குதளத்தைச் சில டிகிரி இடப்பக்கம் சாய்த்துவிடுங்கள். தவறிய விமானத்துக்கு முன்னால் கடலும் வானமும் மட்டும்தான் இருக்கும். கடற்படை வரலாற்றில் இத்தனை எளிமையாக இத்தனை உயிர்களைக் காத்த யோசனை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

அதற்கும் ஒரு விலை உண்டு. கப்பல் நேராக முன்னே போக, சாய்ந்த தளம் விமானியின் பார்வையில் ஓயாமல் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் இலக்கை நோக்கி அவர் கடைசி விநாடி வரை திருத்திக்கொண்டே வர வேண்டும். இதற்கு நடுவே கடல் அலை தளத்தை ஏற்றி இறக்கும்.

சரியான சரிவில்தான் வருகிறோமா என்று சொல்வது ஒரு விளக்கு. இதன் மூல வடிவம் பிரிட்டிஷ் அதிகாரி நிக்கோலஸ் குட்ஹார்ட் உருவாக்கியது. தன் செயலரிடம் கைக்கண்ணாடியும் லிப்ஸ்டிக்கும் கடன் வாங்கி, கண்ணாடியில் ஒரு கோடு போட்டு மேசைமேல் வைத்து, பிரதிபலிப்பு கோட்டை விட்டு விலகாதபடி நடந்து வரச் சொன்னாராம். நடந்து வந்தவரின் மோவாய் மேசையில் வந்து பட்டது! இன்று கண்ணாடிக்குப் பதில் லென்ஸ் விளக்குகள். நடுவில் தெரியும் ஒளிப்புள்ளி பச்சை விளக்கு வரிசைக்கு நேராக நின்றால் உயரம் சரி. மேலே போனால் விமானம் அதிக உயரத்தில் இருக்கிறது. கீழே இறங்கினால் ஆபத்து.

வடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான அமெரிக்கக் கப்பல்களில் வடத்தின் இரு முனைகளும் தளத்துக்கு அடியில் இருக்கும் பெரிய ஹைட்ராலிக் இயந்திரத்தோடு இணைந்திருக்கும். ஒவ்வொரு விமானம் இறங்குவதற்கு முன்பும் அதன் ரகத்துக்கும் எடைக்கும் ஏற்ப அந்த இயந்திரத்தை ஒருவர் சரிசெய்கிறார். கனமான விமானத்துக்கு வைத்த அளவிலேயே இலகுவான விமானம் வந்து மாட்டினால் வெடுக்கென்ற இழுப்பில் விமானம் சேதமாகும். மாறிப்போனால் கனமான விமானம் நிற்காமல் போய்விடும். எடையைக் கூவிச் சொல்பவர், சரிசெய்பவர், சரிதானா என்று மறுபடி பார்ப்பவர் என்று அடுத்தடுத்து ஆட்கள். அவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டியிராதவர்கள். விமானி அவர்களுடைய முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இன்ஜின் இரைச்சலில் தளத்தின்மேல் பேச்சு எடுபடாது. அதனால் சட்டையின் நிறமே ஆளின் வேலையைச் சொல்லிவிடும். அமெரிக்க முறையில் விமானங்களைக் கைச்சைகையால் நடத்துபவர் மஞ்சள், எரிபொருள் நிரப்புபவர் ஊதா, குண்டுகளைக் கையாள்பவர் சிவப்பு, வடங்களைக் கவனிப்பவர் பச்சை. ஒரு விமானம் இறங்கியதும் வடத்தைக் கழற்றி இழுத்து, தளத்தைக் காலிசெய்து, அடுத்ததை வாங்க ஒரு நிமிடம்கூட ஆகாத நாட்கள் உண்டு. பறத்தல் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் தோளோடு தோள் நின்று, தரையைப் பார்த்தபடி தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கிறார்கள். கீழே கிடக்கும் ஒரு திருகாணியை ஜெட் இன்ஜின் உறிஞ்சினால் போதும், இன்ஜின் பாழ். பதவி வித்தியாசம் பார்க்காமல் குனிந்து பொறுக்கும் வேலை இது.

இந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் கசப்பான பாடங்கள் இருக்கின்றன. 1967 ஜூலை 29 அன்று, வியட்நாம் போரில் ஈடுபட்டிருந்த அமெரிக்காவின் ஃபாரஸ்டல் கப்பலில், மின்கோளாறால் ஒரு ராக்கெட் தானே கிளம்பி எதிரே நின்ற விமானத்தைத் தாக்கியது. எரிபொருள் தளமெங்கும் கொட்டித் தீப்பிடித்தது. பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழு ஓடிவந்து அணைக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பழைய ரகக் குண்டொன்று வெடித்து, அந்தக் குழுவில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டது. மிஞ்சியவர்கள் துணிச்சலுக்குக் குறைவில்லாதவர்கள், ஆனால் பயிற்சியில்லாதவர்கள். ஒரு பக்கம் நுரை அடித்தார்கள். இன்னொரு பக்கம் தண்ணீர் பாய்ச்சி அதே நுரையைக் கழுவிவிட்டார்கள். 134 பேர் மாண்டார்கள்.

அந்தக் கப்பலின் படக்கருவிகளில் பதிவான காட்சிகளை அமெரிக்கக் கடற்படை பல ஆண்டுகள் தன் வீரர்களுக்குப் பாடமாகப் போட்டுக்காட்டியது. இன்று அங்கே சேரும் சமையல்காரரும் எழுத்தரும்கூட, முதல் கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே தீயணைப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும்.